நோசோலிலே சொல்லாத பெயர்

எங்கள் மாமனாரின் பெயரும் காற்றைக் குறிக்கும் சொல்லும் ஒன்று. காற்றோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். எங்கள் கோசா மொழியில் மூச்சுக்கும் அதே சொல். செத்தவரை விட்டுப் போகும் உயிருக்கும் அதே சொல். ஒருவர் கோபமாக இருக்கிறாரா, குளிர்ந்திருக்கிறாரா என்று விசாரிக்கவும் அதுதான் வேண்டும். சைக்கிள் டயருக்குள் அடைப்பதும் அதுதான். கோயிலில் பிதாவுக்கும் சுதனுக்கும் அடுத்து வருகிறவரும் அவரேதான். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயர் ஒலிக்கிற எதையும் சொல்லக் கூடாது. அவர் பக்கத்தில் இல்லாதபோதும் கூடாது, செத்த பிறகும் கூடாது.

நோசோலிலே அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தபோது பதினெட்டு வயது. நோசோலிலே என்பதும் புகுந்த வீடு வைத்த பெயர்தான். அமைதியானவள் என்று பொருள். பெரியவர்கள் அவள் பிறந்த குலத்தை வைத்து மாபேலே என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருஷம் கழித்து நான் இளைய மகனுக்கு வாழ்க்கைப்பட்டு எந்தபேனி என்ற அந்த மலை ஊருக்குப் போனேன். என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அதனால் நானும் நோசோலிலே அக்காவும் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே ஓடையில் தண்ணீர் மொண்டோம்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய் திறக்கவே பயப்படுவேன். சொல்லக் கூடாத சொல் வந்துவிடுமோ என்று பாதி நாள் பேசாமலே இருந்துவிடுவேன். அக்கா அப்படி இல்லை. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அவள் பத்துச் சொல் வைத்திருப்பாள். காற்றை "ஆட்டுறது" என்பாள். மூச்சை "மூக்குல வர்றது" என்பாள். உயிரை "போனா திரும்பாதது" என்பாள். யாராவது கோபத்தில் இருந்தால், "அவங்க உள்ளே பானை பொங்குது" என்பாள். பக்கத்து மலையிலிருந்துகூட மருமகள்கள் அவளிடம் சொல் கேட்டு வருவார்கள். "எங்க மாமனார் பேரு கல்லு. கல்லுக்கு என்னக்கா சொல்றது?" என்று ஒருத்தி கேட்டால், அக்கா சோளம் குத்திக்கொண்டே, "கால்ல இடிக்கிறது, நகத்தப் பேக்குறது, ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோ" என்பாள்.

மாமனார் முரடர். கொட்டும் மழையில் மாட்டைத் தேடிப் போய்த் திரும்பி வரும்போது யார் எதிரே வந்தாலும் அடி விழும். அதனால் பெருங்காற்றுக்கு அக்கா "கூரைபுடுங்கி" என்று ஒரு சொல் வைத்தாள். அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, குடிசைக்குள்ளிருந்து, "அத்தே, இன்னிக்குக் கூரைபுடுங்கி தெக்கால இருந்து வருது, பாத்து உக்காருங்க" என்று சத்தமாகச் சொல்வாள். மருமகள் எவ்வளவு மரியாதையாகப் பெயரைத் தவிர்க்கிறாள் என்று அவர் தலையாட்டுவார். நான் போர்வை நுனியை வாயில் அடைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை டவுனில் சைக்கிள் கடைக்காரன் அவளை வம்புக்கு இழுத்தான். அவனுக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தெரியும்.

"என்னம்மா வேணும்?"

"இதுக்குள்ள அடைப்பீங்களே, அது."

"என்னத்த அடைப்பேன்? தண்ணியா? பீரா? பேரைச் சொன்னாத்தானே குடுக்க முடியும்."

கடையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. தரையைப் பார்த்தபடியே, "எங்க வீட்டுக் கிழவரப் புடிச்சு இதுக்குள்ள போட்டு மூடு, போதும்" என்றாள். கடைக்காரன் பம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். காசு வாங்கவில்லை.

அவளுடைய புருஷன் பெயர் தோபிலே. பணிந்தவன் என்று பொருள். பெயருக்கு ஏற்ற மனிதர். அப்பா உட்கார் என்றால் உட்காருவார், எழுந்திரு என்றால் எழுந்திருப்பார்.

அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பே இறந்துபோனது. வயிற்றுப்போக்கில் மூன்று நாள் கிடந்தது. கோயில் கல்லறையில் இடம் கொடுக்கவில்லை, வேலிக்கு வெளியே புதைத்தோம். அதனால் இரண்டாவது பெண் பிறந்ததும் அக்கா ஒரு நாள்கூடக் காத்திருக்க விரும்பவில்லை. ஈஸ்டர் ஞாயிறு என்று முடிவானது. பழைய பாதிரியார் மாற்றலாகிப் போய், வேறு ஊர்க்காரர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். பழையவர் மருமகள்களின் சங்கடம் தெரிந்தவர். பிதா, சுதன் என்று சொல்லி அவர்கள் நிறுத்தினால், மூன்றாமவரின் பெயரை அவரே சொல்லி முடித்துவிடுவார். புதியவருக்கு அது பிடிக்கவில்லை.

"முழுசாச் சொல்லும்மா. பாதியில விட்டா எப்படி?"

"தூயவரின் பேராலும்" என்றாள் அக்கா.

"தூய என்ன?"

"தூய... மேலேருந்து வர்றவர்."

"வேதத்துல அப்படி இல்ல. தாய் வாயால முழுசாச் சொல்லலேன்னா நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

குழந்தை அன்று காலையிலிருந்தே சூடாக இருந்தது. அக்கா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாமியார் இருந்த பக்கம் திரும்பவில்லை. பிறகு சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. பாதிரியார் சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றினார்.

நாங்கள் வீடு சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமனார் மருமகளைத் தொடக் கூடாது, நேரே பேசவும் கூடாது. அதனால் மகனைக் கூப்பிட்டார். தன் கையிலிருந்த குமிழ்த்தடியை நீட்டினார். காட்டு ஒலிவ மரத்தில் செய்த தடி அது, முனையில் முஷ்டி அளவுக்குக் குமிழ் இருக்கும்.

"உன் பொண்டாட்டி வாயில என் பேரு கெடந்து நாறுது. தொடச்சு விடு."

தோபிலே தடியை வாங்கிக்கொண்டு குடிசைக்குள் போனார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்சுவர் ஓரமாக நின்றேன். முதல் அடி தோளில் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா கத்தவில்லை. "எத்தனை அடிக்கச் சொன்னார்? எண்ணிக்கிட்டு அடிங்க" என்றாள். அதற்கு விழுந்த அடியில்தான் முன்பல் இரண்டும் போயின. தடியைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் வாயில் இடித்திருந்தார். சாணி மெழுகிய தரையில் ரத்தம் ஊறாமல் அப்படியே நின்றது. சாம்பல் போட்டு நான்தான் துடைத்தேன். ஒரு பல் கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை.

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அக்கா பேசும்போது பல் போன இடத்தில் விசில் போல் ஒரு சத்தம் வரும். ஓடைக்கரையில் துணி துவைக்கும்போது என்னிடம் சொன்னாள்: "பாத்தியாடி, கதவு தெறந்தாச்சு. இப்போ வீட்டுப் பெரியவர் என் வாயி வழியா இஷ்டத்துக்குப் போய் வர்றார்." நான் சிரித்துவிட்டு அழுதேன்.

தவறு செய்த மருமகள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆடு கொண்டுவந்து மாமனாரின் பெயரைக் கழுவ வேண்டும். அதுவரைக்கும் அவள் அந்த வீட்டுப் பால் குடிக்கக் கூடாது. மே மாதம் அவளுடைய தம்பி சியோலோ ஒரு வெள்ளை வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இரண்டு மலை தாண்டி வந்தான். இருபது வயது இருக்கும். சிரித்த முகம். அக்கா பின்பக்கமாகச் சுற்றி வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவள் வாயைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது. பல் போன கதை அவனுக்குத் தெரியாது. பேச்சு தவறிவிட்டது, ஆடு வேண்டும் என்று மட்டும்தான் சேதி போயிருந்தது.

"யாருக்கா இப்படிப் பண்ணது?"

"கீழ விழுந்துட்டேன்."

"தரைக்குக் குமிழ் உண்டா?"

"சியோலோ, ஆட்டக் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டு போ. உன் கால்ல விழறேன்."

அவன் ஆட்டை இழுத்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போனான். மாமனாரும் அவருடைய தம்பிகள் இருவரும் பட்டிக்குள் சோள பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோபிலே அப்பாவுக்குப் பின்னால் நின்றார். மருமகள்கள் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது, பட்டிக்கும் குடிசைக்கும் நடுவே உள்ள முற்றத்தில் நடக்கவும் கூடாது. நானும் அக்காவும் குடிசைகளின் முதுகுப் பக்கமாகச் சுற்றி ஓடி, பட்டியின் மறுபுறத்துக் கழிவேலி ஓரம் போய் நின்றோம். வேலி இடுக்கில் எல்லாம் தெரிந்தது.

மாமனார் ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தார்.

"இதென்ன, எலிக்குக் கொம்பு மொளச்சிருக்கா?"

தம்பிகள் சிரித்தார்கள்.

"எங்க வீட்ல இருந்ததுல நல்லது இதுதாங்க பெரியவரே" என்றான் சியோலோ.

"உங்க வீட்டுதா, எவன் வீட்டுதோ. மலை தாண்டி வர்ற ஆட்டுக்கெல்லாம் காது வெட்டு மாறித்தான் இருக்கும்."

காது வெட்டுதான் ஆடு யார் வீட்டுது என்பதற்கு அடையாளம். ஆடு திருடியவன் என்று சொன்னால் எங்கள் பக்கம் அது சாதாரணப் பேச்சு இல்லை. அந்த வருஷம் மட்டும் ஆட்டுத் திருடர் என்று ஆறு பேரை எரித்திருந்தார்கள். சியோலோவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"சரிங்க பெரியவரே. உங்க பேரக் கழுவ ஒரு ஆடு. எங்க அக்கா பல்லு ரெண்டு. அதுக்கு நீங்க எத்தனை ஆடு தர்றீங்க?"

மாமனார் எழுந்தார். அவர் தடி ஓங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவன் கயிற்றை விடாமல் முழங்காலில் விழுந்தான். இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவது, அவன் தரையில் கிடக்கும்போது, நிதானமாக. பழுத்த பூசணியைக் கல்லில் போட்டது போல் சத்தம் வந்தது. ஆடு கத்திக்கொண்டே அவனைச் சுற்றி ஓடியதில் கயிறு அவன் கையோடு சுற்றிக்கொண்டது. தோபிலே ஒரு எட்டு முன்னால் வைத்தார். "அப்பா" என்றார். அவ்வளவுதான்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே மூன்று முழம் இருந்தது. நடுவில் வேலிக் கழி. தாண்டியிருக்கலாம். அவள் கால் ஒன்று கழி மேல் ஏறியும்விட்டது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. பட்டிக்குள் மருமகள் இறங்கினால் மாடு கன்று போடாது, வம்சம் அறுந்துபோகும் என்று கேட்டு வளர்ந்த கால் அது. கழியைப் பிடித்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

"புள்ளையோட அப்பா! மூக்குல வர்றது வருதா பாருங்க! மூக்குல வர்றது!"

அந்த நேரத்திலும் அந்தச் சொல்தான் வந்தது. தோபிலே குனிந்து சியோலோவின் மூக்கருகே விரலை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"இல்ல" என்றார்.

மாமனார் தோபிலே கையிலிருந்த சாதாரணக் கழியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் தடியை அந்தக் கையில் திணித்தார். குமிழில் மயிர் ஒட்டியிருந்தது. "புடி. உனக்கு வயசு இருக்கு. அஞ்சு வருஷம் போட்டு விட்ருவாங்க. நான் உள்ள போனா வீடு போச்சு." தோபிலே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் போலீஸ் வந்தபோதும் அந்தத் தடி அவரிடம்தான் இருந்தது. "நான்தான்" என்றார். சார்ஜென்ட்டும் எங்கள் ஆள்தான். ஒப்புக்காக அக்காவையும் விசாரித்தார்.

"நீ பாத்தியாம்மா? யாரு அடிச்சது?"

"அப்பா."

"எந்த அப்பா?"

மாமனாரும் அவர் தம்பிகள் இருவரும் மருமகள்களுக்கு அப்பாதான். மூவரும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மண்ணைப் பார்த்தாள். மாமனார் சொன்னார்: "பட்டிப் பக்கம் மருமகள்கள் தலை திருப்பறதே இல்லீங்க. அழுத கண்ணுக்கு எது எதுவோ தெரியும்." சார்ஜென்ட் நோட்டை மூடினார். அவர் வீட்டிலும் மருமகள்கள் இருந்திருப்பார்கள். என்னிடம் கேட்டார். நான் ஓடையில் இருந்தேன் என்று சொன்னேன். அது பொய்.

அந்த நாளில் கொலைக்குத் தூக்கு உண்டு. அது தெரிந்த பிறகு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு, அவித்த சோளக் கதிர் நாலைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தோபிலே மொட்டைத் தலையோடு நின்றார்.

"தூக்குல போடுவாங்களாம்" என்றாள்.

"அஞ்சு வருஷம்னு அப்பா சொன்னார்."

"அப்பாவா தீர்ப்பு எழுதுறார்? நான் சொல்லட்டுமா?"

அவர் அவள் வாயையே பார்த்தார். பல் போன இடத்தையே பார்த்தார். நேரம் முடிந்தது என்று காவலர் இழுத்துப் போனபோது ஒரு தடவை திரும்பினார்.

பஸ்ஸில் வரும்போது நான் கேட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கேட்ட கேள்விகள் குறைவு, அதில் அது ஒன்று. "அக்கா, உன் பல்ல ஒடச்சவர்தானே? விட்டுடேன்."

"பல்ல ஒடச்சது அவரு. தம்பியக் கொன்னது அவரு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் அதது பேரு இருக்குடி. ரெண்டையும் ஒரே மூட்டையில போட்டுக் கட்ட நான் என்ன பழைய துணிக்காரியா?"

தோபிலேவுக்காக அரசாங்கம் அமர்த்திய வக்கீல், வயதில் சின்னவர், எப்படியோ கேள்விப்பட்டு அவளைச் சாட்சிக்கு எழுதிக்கொண்டார். அந்தச் சேதியும் வீட்டுக்கு வந்தது. மாமனார் அவளிடம் பேச மாட்டார் அல்லவா, அதனால் நாயிடம் பேசினார். பழுப்பு நிற நாய், அக்கா வைக்கும் கூழைக் குடித்து வளர்ந்தது. எங்கள் குடிசை வாசலுக்கு நேரே வந்து நின்று அதைக் கூப்பிட்டார்.

"ஏ நாயே, டவுனுக்குப் போறியாமே? பெரிய மனுஷங்க முன்னால குரைக்கப் போறியாமே?"

நாய் வாலை ஆட்டியது.

"இந்த வீட்டுக் கூழக் குடிச்சுட்டு இந்த வீட்டுப் பேரச் சொல்லுவியா? சொல்லு பாப்போம்."

அது அவர் கையை நக்கப் போனது. அவர் புதுத்தடி ஒன்று செய்து வைத்திருந்தார். ஒரே அடிதான். நாயின் பின்கால்கள் மட்டும் நெடுநேரம் உதைத்துக்கொண்டிருந்தன. "கேட்டுச்சா நாயே?" என்றார், எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே. அக்கா வெளியே வந்து, முற்றத்தில் நடக்காமல் குடிசையைச் சுற்றிப் போய், நாயின் காலைப் பிடித்து இழுத்து வந்து பின்னால் புதைத்தாள். நான் மண்வெட்டி கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ஜூலையில் வழக்கு வந்தது. பெரிய நகரத்துக் கோர்ட்டு. வாசலில் ஆண்களின் தடிகளை வாங்கி மூலையில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். மாமனாரும் அவர் தம்பிகளும் இரண்டாவது பெஞ்சில், மூவரும் சாம்பல் நிறக் கோட்டில். மாமியார் அவர்களுக்குப் பின்னால். நான் கடைசியில், குழந்தையோடு. அக்கா போர்வையைத் தோளில் இறுக்கிக் கட்டி, தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிவிட்டு, மருமகள் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றாள்.

நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். வெள்ளைக்கார நீதிபதிக்கு எங்கள் பேச்சை மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார், வழுக்கைத் தலைக்காரர், எங்கள் பக்கத்து ஆள். எதிர்ப்பக்க வக்கீல் ஒரே ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தம்பி கிடக்கிறான், நீ ஏன் உள்ளே போகவில்லை?"

"அது மாட்டுப்பட்டிங்க."

"அதனால்?"

"மாட்டுப்பட்டிங்க" என்றாள் மறுபடியும். பெண்கள் பக்கம் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

"சரி. அடித்தது யார்?"

"அப்பா."

"அங்கே மூன்று அப்பாக்கள் இருந்ததாக நீயே சொன்னாய். எந்த அப்பா?"

"பெரியவர்."

"பெரியவர் என்று எல்லாரையும்தான் சொல்கிறீர்கள். பெயர்?"

அக்கா கையை லேசாகத் தூக்கினாள். நீதிபதி தலையசைத்தார். கை காட்டியது ஏட்டில் ஏறாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு தன்னிடம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஆட்டுறவருங்க."

மொழிபெயர்ப்பவர் திகைத்து நின்றார்.

"மூக்குல வர்றவரு. டயருக்குள்ள அடைக்கிறவரு. கூரைபுடுங்கிங்க."

கோர்ட்டில் இருந்த மருமகள்கள் அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரிந்துவிட்டது. கடைசிச் சொல்லுக்கு இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமனாரின் தலை மெல்லத் திரும்பியது. இத்தனை வருஷம் தன் காதில் விழுந்த மரியாதை என்னவென்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் நீதிபதியிடம் ஏதோ கெஞ்சலாகச் சொன்னார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பவர் அக்காவிடம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள்: "தாயீ, எனக்குத் தெரியுது. ஆனா நான் சொன்னா சாட்சி ஆகாது. நீ சொல்லு, இல்ல எறங்கிடு. ஏற்கெனவே ஒத்துக்கிட்டவன் கழுத்து, அப்படியே போயிரும்."

அக்கா கூண்டில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலைத்துணியைப் புருவத்திலிருந்து மேலே தள்ளினாள்.

"மோயா" என்றாள்.

பல் போன இடத்தில் விசில் வந்தது. ஒருவேளை சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடியும் சொன்னாள். "மோயா. என் தம்பியக் கொன்னது மோயா. தடி மோயாவோடது. என் தம்பிக்கு மோயா நின்னு போனப்போ அதை மோயான்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்போ எழுதிக்கோங்க."

மாமியார் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமனார் பெஞ்சைத் தள்ளிவிட்டு எழுந்தார். அத்தனை வருஷத்தில் நாயிடமும் சுவரிடமும் பேசிய மனிதர் முதல் தடவையாக அவளை நேரே கூப்பிட்டார். "மாபேலே!" என்று கத்தினார். கை, இல்லாத தடியைத் தேடியது. முன் பெஞ்சில் இருந்தவனின் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டு அவளிடம் பாய்ந்தார். நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்துதான் அவரைக் கீழே அமுக்கினார்கள். அதில் ஒருவருக்கு விரல் முறிந்தது. கீழே கிடந்தபடியே, "என் தடி! அன்னிக்கே உன்னையும் முடிச்சிருக்கணும்!" என்றார். தட்டச்சுக்காரி அதையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, எங்களுக்கு முன்பே வந்துவிட்ட மாமனாரின் தம்பிகள் இருவரும் கற்றாழை வேலி ஓரம் நின்றார்கள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. கடைவாசலில் ஆட்கள் இருந்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை. "பேரச் சொன்ன வாயி எது?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். அக்கா என்னையும் குழந்தையையும் வேலிக்குள் தள்ளிவிட்டாள். கற்றாழை முள் என் கையெல்லாம் கிழித்தது. நான் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு என் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மூன்று விலா எலும்பு, ஒரு மணிக்கட்டு, இடது கண். கண் அப்புறம் தெரியவே இல்லை. ஆஸ்பத்திரியில் யார் அடித்தது என்று நர்ஸ் கேட்டபோது, அக்கா வீங்கிய வாயால் இரண்டு பேரின் பெயரையும் சொன்னாள். அவர்களும் மாமனார் முறைதான். அந்தப் பெயர்களும் அவள் வாயில் அன்றுதான் முதல் தடவையாக வந்தன. இந்தத் தடவை நானும் சொன்னேன்.

மாமனாருக்குத் தூக்கு கிடைக்கவில்லை, ஆயுள் தண்டனை. மூன்றாம் வருஷம் ஜெயிலிலேயே நெஞ்சடைத்து இறந்தார். தோபிலே விடுதலையாகி, வழக்கு நடந்த அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் வீட்டுக்கு வந்தார். பெற்ற அப்பனை உள்ளே தள்ளியவளை அவர் அன்றைக்கே அடித்துத் துரத்துவார் என்று ஊரே எதிர்பார்த்தது. அப்பனுக்காகக் கொலையைத் தலையில் சுமந்தவர், பெண்டாட்டிக்காக என்ன செய்துவிடப் போகிறார்? அக்கா மூட்டை கட்டி வைத்திருந்தாள். நான்தான் கட்டிக் கொடுத்தேன். இரண்டு பாவாடை, குழந்தையின் போர்வை, ஒரு பல்.

ஆகஸ்ட் எங்கள் மலையில் காற்று மாதம். அன்று கூரைப் புல் பறந்துகொண்டிருந்தது. தோபிலே மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு, கையில் தடியோடு குடிசை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாமியார் இடதுபக்கம் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக்காயை உடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்புப் புகை திரும்பித் திரும்பி அக்காவின் ஒற்றைக் கண்ணில் அடித்தது. அவர் அவளுடைய கண்கட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நான் அக்காவின் குழந்தையை என் மடியில் இழுத்துக்கொண்டேன்.

அக்கா சட்டியைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"மோயா ரொம்ப அடிக்குது" என்றாள். "கதவச் சாத்துங்க."

மாமியார் கையிலிருந்த மூக்குப்பொடி டப்பா தரையில் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. அந்தக் குடிசை கட்டிய நாள் முதல் அதற்குள் ஒரு மருமகள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. தோபிலே அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டியில் கொதி எழும்பி அடங்கி மறுபடியும் எழும்புவதைப் பார்த்தேன். பிறகு அவர் குனிந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தடியைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். ஆண்கள் உட்காரும் வலதுபக்கம் போய் உட்கார்ந்தார்.

"உப்பு போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு."

அதற்குப் பிறகு அவர் அவளை அடித்ததே இல்லை என்று நான் எழுத மாட்டேன். ஒரு தடவை கன்னத்தில் அறைந்தார், அவளும் கரண்டியால் திருப்பி அடித்தாள். ஆனால் சொல்லுக்காக அடித்ததில்லை. இப்போது அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கோயிலில் மூன்றாமவரின் பெயரை அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறாள். பல் கட்டிக்கொள்ளச் சொன்னால் வேண்டாம் என்கிறாள். அவளுடைய மருமகளுக்கு எந்தப் பெயரையும் தவிர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தோபிலே முன்னாலேயே, அவர் பெயரில் ஒலிக்கிற பணிவு, பணிந்தவர் என்றெல்லாம் சரளமாகப் பேசுகிறது, அவரும் சோளத்தைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மட்டும்தான் இன்னும் பழக்கம் போகவில்லை. துணி காயப்போடும்போது, "அக்கா, ஆட்டுறது பலமா இருக்கு, கல்லு வைக்கட்டுமா?" என்று கேட்பேன்.

"எதுடி ஆட்டுது? பேரச் சொல்லு" என்பாள் அவள்.

நான் கல்லை எடுத்து வைப்பேன்.